துண்டுக்குள் அடங்காத விலை

கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. கடக்காத்துல பாதிப் பேச்சு போயிரும். அப்புறம் எங்க அக்கா மலிகா ராத்தாவைத் தப்பா நெனச்சுக்கிட்டுப் போயிருவீங்க. அன்னைக்குத் துறையில நின்ன அம்புட்டுப் பேரும் அப்படித்தான் நெனச்சாங்க.

புயலுக்கு முந்தி, தனுஷ்கோடியிலிருந்து இலங்கைக்குக் கப்பல் ஓடின காலம். ராத்தாவும் அவுக மாப்பிள்ளை காதர் மைதீன் மச்சானும் கீழக்கரையிலிருந்து கெளம்பினாக. யாவாரத்துக்கில்ல, கல்யாணத்துக்கில்ல. சும்மா, கொழும்பும் கண்டியும் பாக்க.

ரயில்ல எதிர்ப் பலகையில முதுகுளத்தூர் இருளாண்டி. ஆடு வித்த முப்பது ரூவாயை மடியில முடிஞ்சிருந்தாரு.

"எம் பொண்டாட்டி பொழச்சு எந்திரிச்சா கதிர்காமத்துக்கு வாரேன்னு முருகன்கிட்டச் சொல்லிட்டேன் தாயி. எந்திரிச்சுட்டா. போக வர இலங்கைக் காசு இருபத்தெட்டு வேணுமாம். கொறஞ்சா நடுவழியில நிக்க வேண்டியதுதான்."

துறையில காசு மாத்துறவரு சோணைமுத்து. மாட்டுச் சந்தை வழக்கத்தை அப்படியே கடலோரத்துக்குக் கொண்டாந்துட்டாரு. கைமேல துண்டைப் போட்டு, உள்ளுக்குள்ள விரலைப் பிடிச்சுத்தான் விலை பேசுவாரு. ஒருத்தருக்கு என்ன விலைன்னு அடுத்தவருக்குத் தெரியாது.

கோட்டுப் போட்ட ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தாரு. அவருக்கு அடுத்தாப்புல போன காவி வேட்டிக்காரர் மொகம் தொங்கி வந்தாரு.

"முப்பது குடுத்தேன், இருபத்துநாலுதான் வந்துச்சு. பத்துக்கு எட்டாம்ல"ன்னு இருளாண்டி காதுல சொன்னாரு.

இருளாண்டி மடியை அவுத்து முப்பதையும் இன்னொருதரம் எண்ணிப் பாத்தாரு. அடுத்தது அவரு முறை.

அந்த நேரம் பாத்து, வெள்ளைத் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கிட்டு, அவரைத் தள்ளிட்டு முன்னால போய் நின்னாக ராத்தா.

"ஏம்மா, வயசான மனுசன் நிக்கிறாருல்ல?"ன்னாரு வரிசையில ஒருத்தர்.

"கீழக்கரைப் பணத்துக்கு வரிசையெல்லாம் கெடையாதோ!"

மச்சானுக்கு மொகம் சுண்டிப்போச்சு. ரெண்டு கையிலயும் பெட்டி. "மலிகா, நமக்கு எதுக்கும்மா இது? வா."

"சும்மா இருங்க மச்சான்."

சோணைமுத்து பழக்கத்துல துண்டை விரிச்சுட்டாரு. அப்புறந்தான் எதிர நிக்கிறது பொம்பளைன்னு ஒறைச்சுச்சு. நீட்டின கை அந்தரத்துல நின்னுச்சு.

"வீட்டுக்காரரை அனுப்புங்க தாயி. அவரு கையில பேசிக்கிறேன்."

"அவுக கையில பெட்டி இருக்கு. பணம் எங்கிட்ட இருக்கு." இடுப்புச் சுருக்குப்பையைத் தட்டிக் காட்டினாக. பை நல்லாப் பொடைச்சு இருந்துச்சு. சோணைமுத்து கண்ணு அதுலயே ஒட்டிக்கிருச்சு.

"வாயால சொல்லுங்கண்ணே. காது கொஞ்சம் மந்தம், சத்தமாச் சொல்லுங்க."

காது மந்தமாம்! அடுத்த தெருவுல மீன் விலை பேசினா இங்கன இருந்தே 'ஏமாந்துட்டியேடி'ம்பாக எங்க ராத்தா.

"பத்துக்கு எட்டு."

"எட்டா? அந்தக் கோட்டுக்காரருக்கும் எட்டுத்தானா?"

கப்பல் ஏணியில கால் வச்ச கோட்டுக்காரருக்குப் பொறுக்கல. "யாருக்கு எட்டு? ஒம்பதரை பேசி வாங்குனேன்! பேசத் தெரியணும்மா!"

வரிசையில சலசலப்பு. சோணைமுத்துக்கு வேர்த்துருச்சு. கப்பல் ஒருதரம் ஊதிருச்சு.

"சீக்கிரம் தாயி! காசு பெருசா, கப்பல் பெருசா?"ன்னு வரிசையிலிருந்து ஒரு சத்தம்.

"இம்புட்டுப் பணத்தை வச்சுக்கிட்டு ஒத்த ரூவாய்க்கு இந்தக் கூத்து!"

"சரி, ஒம்பது தாரேன்"ன்னாரு சோணைமுத்து.

ராத்தா பையோட சுருக்கைக் கொஞ்சம் தளத்தினாக. அவரு மொகத்தைப் பாத்தாக. மறுபடி இறுக்கிட்டாக.

"ஒம்பதரை! ஒம்பதரை! போதுமா?"ன்னு கத்தினாரு சோணைமுத்து. அங்கன கடல்ல நின்ன வள்ளத்துக்காரங்களுக்கே கேட்டிருக்கும்.

ராத்தா வரிசைப் பக்கம் திரும்பினாக.

"எல்லாருக்கும் கேட்டுச்சா? பத்துக்கு ஒம்பதரை. பெரியவரே, நீங்க மொதல்ல மாத்துங்க. தள்ளிட்டு வந்துட்டேன், மனசுல வச்சுக்கிறாதீங்க. நான் கடைசியில வாரேன்."

எல்லாருக்கும் கேட்டுப்போச்சு. இனி யாருக்கு எட்டுன்னு சொல்ல முடியும்? இருளாண்டி கையில இருபத்தெட்டரை விழுந்துச்சு. கண்ணுல ஒத்திக்கிட்டாரு. காவி வேட்டிக்காரரும் திரும்பி வந்துட்டாரு. "ஏலே சோணைமுத்து, எனக்கு வரவேண்டிய மிச்சம்?" அத்தனை பேரு பாத்துக்கிட்டு நிக்கிறப்ப என்ன செய்வாரு? எண்ணிக் குடுத்தாரு.

வரிசை கரைஞ்சு எல்லாரும் கப்பலேறியாச்சு. சோணைமுத்து அதே துண்டால மொகத்தைத் தொடச்சுக்கிட்டு, "இப்பப் பையைப் பிரிங்க தாயி. உங்க பணத்துலயாவது விட்டதைத் தேத்திக்கிறேன்"ன்னாரு.

"எங்கிட்ட மாத்துறதுக்கு ஏதுண்ணே?"ன்னு ராத்தா பையை விரிச்சுக் காட்டினாக. நோன்புக்கு ஊருக்கு வந்த கொழும்புக் கொழுந்தன் அப்பவே மாத்திக் குடுத்துட்டுப் போனது. உள்ள இருந்த அத்தனையும் இலங்கை நோட்டு.