சொதி விருந்தின் மறுநாள் காலை

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, எங்கள் தெருவில் நடக்கிற வேடிக்கையைச் சொல்கிறேன். மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு முடிந்த வாழையிலைகள் தெரு நடுவே குவிந்து கிடக்கின்றன. இளவெயிலில் சொதியின் தேங்காய்ப்பால் மினுங்குகிறது. காகம் ஒன்று இஞ்சித் துவையலைக் கொத்திவிட்டுத் தலையை உதறுகிறது. குவியலுக்கு மேற்கே கூட்டுவது மாநகராட்சி, கிழக்கே தனியார் கம்பெனி. மேற்கே நிற்கும் சுடலைவடிவுக்கு மாதச் சம்பளம். கிழக்கே நிற்கும் பொன்செல்வியின் கம்பெனிக்கோ குப்பையை எடை போட்டுத்தான் பணம். வண்டியில் எடை குறைந்தால் நாளைக்கு வராதே என்று மேஸ்திரி அவளிடம் சொல்லியிருக்கிறார். குப்பைக்கு ஒருத்தி ஏங்கி நிற்பதை இப்போதுதான் பார்க்கிறேன். “யக்கா, அந்த எலைய எனக்குத் தாயேன்.” “ஏட்டி, நேத்து தெர்மாகோலப் பூரா எம்பக்கம் தள்ளிவிட்டியே, அப்பம் அக்கா நெனப்பு வரலியோ?” “அது கனக்காதுல்லாக்கா!” சுடலைவடிவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. விளக்குமாற்றால் மொத்த இலையையும் கிழக்கே தள்ளுகிறாள். அதோடு விடாமல், குழாயடி வாளியைத் தூக்கிவந்து குவியல்மேல் கவிழ்க்கிறாள். “இப்பம் கனக்கும், ஏத்துட்டி!” உங்கள் வீட்டிலும் கல்யாணப் பந்தி ஓயாமல் நடக்கட்டும், கண்ணுகளா, வாசல் கூட்ட வருகிறவளுக்கும் அதில் ஓர் இலை விழட்டும்.