பெட்டி காலி

"பார்த்தியா, இன்னைக்கும் ஒண்ணு விடாம சுருட்டிட்டா!"

டிரெவர் சொன்னதும் கிளெனிஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். டிரைவர் நெனிதா ஒரு பெரிய துணிப்பையோடு தன் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். பை நிறைய மாம்பழம்.

நாட்டின் வடகோடியில், டார்வின் ஊரின் பஸ் டிப்போ. நவம்பர் மாதம். மேகம் திரண்டு நிற்கும், மழை மட்டும் வராது. புழுக்கத்தில் எல்லாருக்கும் மூக்கு நுனியில் கோபம்.

பஸ் கழுவும் மனோலிஸ் தினமும் காலையில் தன் வீட்டு மரத்துப் பழங்களை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து டீ ரூமில் வைப்பார். "தேன்தான் போங்க, மனோலிஸ்!" என்று ஆளாளுக்குப் புகழ்வார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக வீட்டுக்குப் போவார்.

"ஒருத்தி இவ்வளவு பழத்தை என்னதான் செய்வா?" கிளெனிஸுக்கு மண்டை குடைந்தது.

"எங்கேயாவது ஜூஸ் போட்டு விக்கறாளோ என்னமோ. இந்த வெக்கையில கையில கிளவுஸ் வேற. ராணியம்மாவுக்குக் கை கறுத்துடுமாம்!"

மறுநாள் பெட்டியின்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. 'ஆளுக்கு இரண்டு மட்டும்.'

நெனிதா அதைப் படித்தாள்.

"யார் ஒட்டினது?"

"நான்தான்" என்றாள் கிளெனிஸ். "மத்தவங்களுக்கும் வேணுமில்ல?"

"எடுத்துக்குவாங்களா?"

"ஏன் எடுக்காம?"

நெனிதா ஏதோ சொல்ல வந்தாள். பக்கத்திலேயே மனோலிஸ் டீ கலக்கிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு இரண்டே இரண்டு பழம் எடுத்துக்கொண்டு போனாள்.

ஐந்து மணிக்கு கிளெனிஸின் வேலை முடிந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு நெனிதாவின் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். இன்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது அவளுக்கு.

கடைசி நிறுத்தம் கடற்கரை. வேலை தேடித் தெற்கத்திக் குளிர் ஊர்களிலிருந்து வந்து கூடாரம் போட்டிருந்த பிள்ளைகள் ஆறு பேர் அங்கே காத்திருந்தார்கள்.

"இன்னைக்கு ரெண்டுதானாக்கா?"

"ரெண்டுதான். பங்கு போட்டுக்கோங்க."

கத்திகூட இல்லை. தோலைப் பல்லால் உரித்துச் சதையைக் கடித்து ஒருவர் அடுத்தவரிடம் கொடுத்தார்கள். முழங்கை வரை சாறு வழிந்தது. கொட்டை யாருக்கு என்று ஒரு சண்டை.

கிளெனிஸ் வாயைப் பிளந்தாள். "சும்மாவா குடுக்கறே? அப்புறம் எதுக்கு எல்லாத்தையும் அள்ளிட்டு வர்றே?"

"நீ இந்த வருஷம் மனோலிஸோட பழம் எத்தனை தின்னே?"

"நானா? என் வீட்டு மரத்துப் பழமே கீழே விழுந்து அழுகுது."

"டிரெவர்?"

"அவன் வீட்லயும் மரம் இருக்கு."

"எல்லார் வீட்லயும் இருக்கு. அதான் ஒருத்தரும் தொடறதில்ல. புகழ்ச்சி மட்டும் வாய் நிறைய." நெனிதா குரலைத் தாழ்த்தினாள். "மனோலிஸோட பையன் அந்த மரத்தை வெட்டிட்டுப் படகு நிறுத்தக் கொட்டகை போடணும்கறான். செத்துப்போன பொண்டாட்டி வெச்ச மரம். 'டிப்போவே எடுத்துத் திங்குது, என்னைக்குப் பெட்டி நிறையத் திரும்பி வருதோ அன்னைக்கு வெட்டிக்கோ'ன்னு இவர் சொல்லிட்டார். பஸ் கழுவற இடத்துல ரெண்டு பேரும் சண்டை போட்டாங்க. நான் கேட்டுட்டுதான் இருந்தேன்."

கிளெனிஸ் மணி பார்த்தாள். ஆறு மணிக்கு இன்னும் எட்டே நிமிடம். போனை எடுத்தாள்.

"டிரெவர்! டீ ரூம் பெட்டியில பழம் இருக்கா?"

"நிறைய இருக்கே. ஒருத்தனும் தொடல."

"எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வை. ஓடு!"

"எங்கே ஒளிக்கறது?"

"உன் பைக்குள்ள, ஷூவுக்குள்ள, எங்கேயோ! அந்தக் காகிதத்தையும் கிழிச்சுப் போடு!"

தடதடவென்று ஓடும் சத்தம். பழங்கள் உருளும் சத்தம். டிரெவரின் மூச்சிரைப்பு. பிறகு எங்கோ தூரத்திலிருந்து மனோலிஸின் குரல் போனில் கேட்டது.

"பாரேன், இன்னைக்கும் ஒண்ணு மிச்சமில்ல! கள்ளப் பசங்களா!"

கிளெனிஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். அழுகை வரும்போல இருந்தது.

"தப்பா நினைச்சுட்டேன் நெனிதா. நாளையிலேர்ந்து முழுப் பெட்டியும் நீயே எடுத்துக்கோ. எல்லாத்தையும் இதுங்களுக்கே குடுத்துடாம உனக்கும் நாலு பழம் வெச்சுக்கோ."

நெனிதா சிரித்தபடி கிளவுஸைக் கழற்றினாள். விரல் முழுக்கச் செக்கச் செவேலென்று கொப்புளங்கள்.

"எனக்கு எதுக்கு? கிளவுஸ் போட்டுத் தொட்டாலே இந்த லட்சணம். போன வருஷம் ஒரே ஒரு துண்டு தின்னுட்டு ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேன்."