தங்கமாரியின் இரவு

சாட்சிக் கூண்டின் கட்டையை அவள் இறுகப் பிடித்திருந்தாள்.

அரசு வக்கீல் கேட்டுவிட்டார். ரத்தம் சிந்தியது இரவில்தானே? ஆம், இல்லை என்று சொன்னால் போதுமாம்.

முன்வரிசையில் செத்துப்போன தங்கமாரியின் அண்ணன். தங்கைக்கு நீதி வேண்டுமென்று எல்லா வாய்தாவுக்கும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவன்.

எதிர்க்கூண்டில் தங்கமாரியின் புருஷன் கருத்தப்பாண்டி. பகல் முழுக்க லாரியோடு குவாரியில் நின்றதற்குச் சாட்சி உண்டு. இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தவன், “நான் வந்தப்பவே கெடந்தா” என்று கதறினான்.

யார் நம்புவது? ரத்தமே இரவு என்று சொல்லிவிட்டதே.

சொல்ல வைத்தவள், ஆய்வகத்தில் அந்த ரத்தத்தைச் சோதித்த இவள்தான்.

உடம்பின் உறக்க வேளையில் மெலடோனின் என்ற சுரப்பு ரத்தத்தில் ஏறும். காய்ந்த ரத்தத்திலும் அதன் அளவு தெரியும். தங்கமாரியின் ரத்தத்தில் அது உச்சத்தில் இருந்தது. இரவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஆய்வகத்துக்கு ரத்தம் மட்டும்தான் வரும். ஆளின் கதை வராது.

நேற்றுதான் சம்பவ இடத்துப் புகைப்படத்தைப் பார்த்தாள். படுக்கையறை ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. வெளிச்சத்துக்குப் பயந்து யார் அப்படி ஒட்டுவார்கள்?

விசாரித்தாள். உடனே மேலிடத்துக்குச் சொன்னாள்.

ஆய்வக இயக்குநர் போனில் சீறினார். “குடுத்த ரிப்போர்ட்ட மாத்துனா நம்ம மானம் போயிரும்மா.”

போகட்டும். ஒருத்தன் ஆயுள் முழுக்க உள்ளே கிடப்பதைவிடவா மானம் பெரிது?

“இல்லை” என்றாள்.

வக்கீலின் முகம் இறுகியது. “ரிப்போர்ட்டுல இருக்கறத மட்டும் சொல்லுங்க மேடம்.”

“ரிப்போர்ட் எழுதுனதே நான்தான்.”

நீதிபதியைப் பார்த்துத் திரும்பினாள். குரல் நடுங்கவில்லை.

“தங்கமாரி மில்லுல வருஷக்கணக்கா நைட் ஷிப்ட்டுங்க ஐயா. பகல்லதான் தூங்குவாங்க. அவங்க உடம்புக்குப் பகல்தான் ராத்திரி. அத விசாரிக்காம எழுதுனது என் தப்பு. அந்த ரத்தம் பகல்ல சிந்துனது.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

கருத்தப்பாண்டி கம்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். வக்கீல் எதையோ சொல்லிக் கத்தினார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கமாரியின் அண்ணன் முதல் ஆளாகக் கிளம்ப அவசரமாகக் குனிந்து, பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.