மேரியனின் காவல்

தேவாலய மணிக்கூண்டில் மூவர்: சூனியக்காரி என்று அடைக்கப்பட்ட எஃபி, அவளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வந்த பக்கத்து வீட்டு மேரியன், கதவுக்கு வெளியே காவலாளி டேவி. இது மூன்றாம் பகல். தூக்கம் கெட்டவள் எதையும் ஒப்புக்கொள்வாள், ஒப்புக்கொண்டால் எரித்துவிடுவார்கள். சாய்ந்த வெயிலில் எஃபி மேரியனின் மடியில் வாய் பிளந்து தூங்குகிறாள். அவள் தலையை ஒரு கையால் வருடியபடி மேரியன் மறு கையால் சுவரை அறைகிறாள்.

“முழிடி மூதேவி! என் மாட்டுப் பாலை வத்த வச்சவதானே நீ?”

எஃபி குறட்டை விடுகிறாள்.

“அக்கா, அதென்ன சத்தம்?” வெளியிலிருந்து டேவி கேட்கிறான்.

“சாத்தான்கிட்ட பேசுறா. உள்ள வந்து கேக்குறியா?”

“ஐயோ, வேணாம்!”

மேரியனுக்கு மாற்று ஆள் வரும் நேரத்தில் டேவி கதவைத் திறக்கிறான். எஃபியின் தலையைச் சால்வையில் இறக்கிவிட்டு மேரியன் போய் வாசலை மறிக்கிறாள்.

“வேற யாரும் வேணாம். இவ மேல எனக்குத்தான் ஆத்திரம் ஜாஸ்தி.”

அவன் நீட்டிய ஓட்ஸ் ரொட்டியோடு உள்ளே திரும்புகிறாள். அவளுக்குப் பின்னால் கதவு சாத்திப் பூட்டப்படுகிறது.