சாமிக்கண்ணுவின் ஒரு ஏக்கர்

நல்லமுத்துவின் கையில் இருந்த மாலையைப் பார்த்ததும் கிராம சேவகர் ஜம்புநாதன் பஸ் படியிலேயே நின்றுவிட்டார். அவரை எதிர்பார்த்து டீக்கடை வாசலில் ஊரே நின்றது. வெட்டப்போகிற ஆட்டுக்கும் மாலை போடுகிற ஊர் அது.

பயப்படக் காரணம் இருந்தது. போன வருஷம் சாமிக்கண்ணுவைப் பிடித்து, ஒரு ஏக்கரில் வீரிய ஒட்டுச் சோளம் போட வைத்தவர் அவர்தான்.

சர்க்கார் விதை வழக்கம்போல் தாமதமாக வந்தது. ஊரெல்லாம் நாட்டுச் சோளம் விதைத்து முடித்த பிறகுதான் சாமிக்கண்ணு வரிசை பிடித்து ஊன்றினார். களை எடுத்து, அடர்ந்த பயிரைக் கலைத்து, யூரியா வைத்தார். குறுகிய காலப் பயிர். ஓடிவந்து எட்டிப்பிடித்து, நாட்டுச் சோளத்தோடு சேர்ந்தே பால் கட்டியது.

நெஞ்சு உயரத் தட்டை. உமி மூடாத, வெள்ளை வெளேரென்ற மணி. பீங்கான் ஆலைக்குப் படம் எடுக்கிற ஸ்டுடியோக்காரரையே ஜம்புநாதன் விருத்தாசலத்திலிருந்து கூட்டிவந்தார்.

படத்தில் குருவிகள்தான் விழுந்தன. சாமிக்கண்ணுவின் மனைவி காசியம்மாள் பரண் மேல் நின்று, ஆலையில் கழித்துப் போட்ட பீங்கான் சில்லுகளைக் கவணில் வைத்து வீசினாள், கத்தினாள். பக்கத்துக் கொல்லைப் பரணில் நல்லமுத்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அறுத்துக் களத்தில் போட்டபோது, பாதிக் கதிர் வெறும் துடைப்பம்.

இந்த வருஷமும் இந்த ஊரில் ஒரு ஏக்கராவது ஒட்டுச் சோளம் இல்லையென்றால் மாற்றல்தான் என்று பி.டி.ஓ. சொல்லிவிட்டார். ஜம்புநாதனின் மனைவி ஜயாவுக்கு விருத்தாசலத்தில் அப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது.

மாலை அவருக்கு இல்லை. நல்லமுத்து அதைச் சாமிக்கண்ணுவின் கழுத்தில் போட்டார்.

"சார், எழுதிக்குங்க. இந்த வருசமும் ஒட்டுச் சோளம் நம்ம மாமாதான் போடுறாரு."

"வுடு மாப்ள," என்ற சாமிக்கண்ணு பக்கத்தில் நின்ற காசியம்மாளைக் காட்டினார். "போன வருசம் பட்டது பத்தாதா? இவளுக்கு இன்னும் கொரலே வரல."

"அதுல என்னா மாமா நஷ்டம் ஒனக்கு?"

டீக்கடை சிரித்தது. காசியம்மாள் முறைத்தாள்.

"ஒரு வருசம் வந்த குருவி வருசா வருசமா வரும்?" என்றார் நல்லமுத்து. " புதுசா ஒண்ணு செய்யற தைரியம் இந்த ஊருல ஒன்னை வுட்டா யாருக்கு இருக்குது? விதை எங்க செலவு. யூரியாவும் எங்க செலவு."

"ஒழவுக்கு என் மாட்டை ஓட்டிக்கண்ணே," என்றாள் வடக்குக் கொல்லை ஆராயி.

சாமிக்கண்ணு மாலையை நேராக்கிக்கொண்டார். "இத்தினி பேரு சொல்றீங்க..."

காசியம்மாள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

ஜம்புநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அரசாங்கத் திட்டத்துக்காக ஊரே ஒன்றுசேர்ந்து அவர் பார்த்ததில்லை. ஜயா வேலையை விட வேண்டாம். சாமிக்கண்ணுவின் பெயரை எழுதிக்கொண்டார்.

எழுதியதும் ஆசை வந்தது. நல்லமுத்துவின் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப்போனார்.

"இவ்வளவு ஆர்வமா இருக்கீங்களே, நீங்களும் ஆளுக்கு ஒரு ஏக்கர் போடுங்களேன். கலெக்டரையே கூட்டிட்டு வரேன்!"

நல்லமுத்து திரும்பிப் பார்த்தார். சாமிக்கண்ணு மாலையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். அவுரு மட்டும் போட்டாத்தான் எங்க கொல்லையில குருவி எறங்காது."