டெபாசிட்டுக்கு ஒரு டீ

கடைத்தெரு முழுக்க வெடிக் காகிதம். அதை மிதித்தபடி அவர் டீக்கடைக்கு நடந்தார்.

இன்றைக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

மத்தியானம் முடிவு வந்ததிலிருந்து மனசுக்குள் இதே குறுகுறுப்புதான். அவர் கட்சி ஜெயிக்கவில்லை. இரண்டாமிடம். தோற்றதற்கு இவ்வளவு வெடி போட்ட கட்சியை இந்த ஊர் பார்த்ததில்லை. போடாமல் என்ன செய்வார்கள்? இந்தத் தொகுதியில் அவர்கள் டெபாசிட் வாங்கியது இதுதான் முதல் தடவை.

அவர் பெயரே டெபாசிட்.

ரேஷன் அட்டையில் பஞ்சநதம் என்று இருக்கும். அது அட்டையோடு சரி.

வயல்வெளியெல்லாம் சிவப்புக் கொடி பறந்த காலத்தில், கோயிலும் தேசமும் பேசுகிற கட்சிக்கு இங்கே வேட்பாளராக ஆள் கிடைக்கவில்லை. இளைஞராக இருந்த அவரையே நிறுத்தினார்கள். அவரே கொடி கட்டினார். அவரே சைக்கிளில் போய் அவருக்கே ஓட்டுக் கேட்டார். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வந்தால்தான் டெபாசிட் திரும்பும். அவருக்கு வந்ததை வைத்து ஒரு கல்யாணப் பந்தியைக்கூட நிரப்ப முடியாது. மறுநாள் காலை இதே டீக்கடையில், சிவப்புத் துண்டுக்காரர் நாகையன், வாங்க டெபாசிட் என்றார். கடையே சிரித்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு அந்தக் கட்சியில் யார் யாரோ நின்றார்கள். டெபாசிட் போவது மட்டும் நிற்கவில்லை.

ஊரார் தங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையின் மேல் 'டெபாசிட் பஞ்சநதம்' என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அவர் மனைவி டெபாசிட் வீட்டம்மா. கடைக்காரர் ஜபருல்லாவோ அவர் தலை தெரிந்ததும் உள்ளே மாஸ்டருக்குக் குரல் கொடுப்பார். டெபாசிட்டுக்கு ஒரு டீ.

ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருக்கும். காட்டிக்கொள்ள மாட்டார். ஒருநாள் இந்தப் பெயர் போகும், போகிற அன்று இதே பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொள்வார். அந்த ஆசையிலேயே தலை நரைத்தது.

இன்றைக்குப் போய்விட்டது.

கட்சி ஆபீஸில் அவருக்கு உட்கார நாற்காலி இல்லை. எல்லாம் புது முகம். வேட்பாளரே போன வருஷம் வரைக்கும் வேறு கரை வேட்டி கட்டியவர். அங்கே யாரும் அவரை டெபாசிட் என்று கூப்பிடவில்லை. பஞ்சநதம் என்றும் கூப்பிடவில்லை. கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே என்றார் ஒருவர், போட்டோ எடுப்பதற்காக.

பரவாயில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது டீக்கடையில்தான் இருந்தது.

படி ஏறியதும் ஜபருல்லா எழுந்தார். மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டார்.

"வாங்கய்யா."

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரும் வரவில்லை.

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள். தேவைக்கு மேலேயே விட்டார்கள். ஜபருல்லா துணியை எடுத்து பெஞ்சைத் துடைத்தார். இத்தனை வருஷத்தில் அந்த பெஞ்சை அவருக்காக யாரும் துடைத்ததில்லை.

கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

நன்றாக இல்லை.

வழக்கமாக யாராவது அவர் கட்சியை இழுத்து வம்புக்கு வருவார்கள். இன்றைக்கு வெயிலைப் பற்றிப் பேசினார்கள். ஜபருல்லா சிரித்த முகமாகத்தான் இருந்தார். ஆனால் அது கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கான சிரிப்பு.

நான் அதே ஆள்தானே என்று கேட்க வேண்டும் போலிருந்தது.

எதிர் பெஞ்சில் நாகையன் பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார். காலைப் பேப்பர். அதில் முடிவே வந்திருக்காது.

நாகையனும் வாய் திறக்காவிட்டால் பிறகு யார்தான் திறப்பது?

பொறுக்க முடியாமல் அவரே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"டெபாசிட்டுக்கு ஒரு டீ."

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தார். சிரித்தால் கடை பழைய கடையாகிவிடும்.

யாரும் சிரிக்கவில்லை.

நாகையன் பேப்பரை இறக்கினார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கூட்டணி முறிந்து தனியாக நின்ற நாகையன் கட்சிக்கு இந்தத் தடவை டெபாசிட் போய்விட்டது. டிவியில் அதையும்தான் பார்த்தார். தன் பெயர் போன சந்தோஷத்தில், அது எங்கே போய் விழுந்தது என்று பார்க்காமல் விட்டிருந்தார்.

உங்களைச் சொல்லலை தோழர் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் இன்னும் அசிங்கமாகிவிடும்.

ஜபருல்லா டீயோடு வந்தார். ஒரு கிளாஸ்தான். இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் நின்றார். இவரைப் பார்த்தார். நாகையனைப் பார்த்தார்.

இவர் கை பாதி எழுந்தது.

அதற்குள் நாகையன் எட்டி கிளாஸை வாங்கிக்கொண்டார். ஊதி, ஒரு வாய் குடித்தார். பிறகு ஜபருல்லாவிடம், யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"ஐயாவுக்கு ஒண்ணு போடச் சொல்லு பாய்."

இவர் காலைக் கீழே இறக்கினார்.