நகர்த்திய மூச்சு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவன். இந்தப் பக்கம் விண்கலத்தின் தலைவி. அவள் கை நெம்புகோலில் இருக்கிறது.

இழுத்தால் கதவு மூடிக்கொள்ளும். அவன் வெளியே, இருட்டோடு போய்விடுவான்.

இழுத்துவிட்டாள்.

முகத்தில் ஒன்றுமே இல்லை. உதடு மட்டும் லேசாகப் பிரிந்து ஒரு மூச்சு வெளியேறுகிறது.

அந்த மூச்சைத்தான் இவள் தமிழில் விட வேண்டும்.

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் கூடம். அந்தத் தலைவிக்குக் குரல் கொடுக்க இவள் ஒலிவாங்கியின் முன் நின்றிருந்தாள். வெளிநாட்டுத் தொடர்; மூலத்தில் அந்த இடத்தில் சைரன் அலறுகிறது, நடிகை என்ன மூச்சு விட்டாள் என்று பிடிபடவில்லை. ஆனால் உதடு அசைந்தால் சத்தம் வேண்டும். இல்லையென்றால் முகம் செத்துப்போகும்.

என்ன மூச்சு என்பது, அவள் ஏன் கதவை மூடினாள் என்பதைப் பொறுத்தது. அது அடுத்த பாகத்தில் தெரியும். அடுத்த பாகம் இன்னும் வரவில்லை. கதை கசிந்துவிடும் என்று ஒவ்வொன்றாகத்தான் அனுப்புகிறார்கள்.

டீ வந்தது. வம்பும் வந்தது.

கப்பலில் இருக்கும் மற்றவர்களைக் காப்பாற்றத்தான் மூடினாள் என்றார் இயக்குநர் சகாயம். கணவனுக்குத் தொற்று இருக்கிறதே, வேறு வழி?

ஒலிப்பதிவாளர் ஜாபர் ஒத்துக்கொள்ளவில்லை. அது பழைய கோபமாம். இரண்டாம் பாகத்தில் அவன் அவளை எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினானே. ஜாபருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் கணவன் மனைவி பற்றி எல்லாம் தெரியும்.

வசனம் எழுதியவர் பிரியம் என்றார். அவன் அணு அணுவாகச் சாவதைப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

யாரும் இவளைக் கேட்கவில்லை.

நல்லவேளை.

இவள் கணவர் போன சித்திரையில் இறந்தார் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். எப்படி என்று தெரியாது.

இரண்டு வருடம் படுக்கை. கடைசியில், இனி ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றது ஆஸ்பத்திரி. தொண்டைக் குழாயோடு கூடத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். கூட வந்த நர்ஸ் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டே கேட்டாள்.

“குழாய எடுத்துடலாமா அம்மா?”

அப்போதுதான் போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த நாத்தனார் சாந்தாமணி. அரக்கோணம் தாண்டிவிட்டாளாம்.

வந்தால் விடமாட்டாள். அண்ணனைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். பிறகு அதே குழாய், அதே மலச்சட்டி, அதே பாதித் தூக்கம்.

போனை வைத்துவிட்டுத் தலையாட்டினாள்.

அவர் படுகிற பாடு தாங்கவில்லை என்று ஊருக்குச் சொன்னாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனாலும் ஊர் நம்பியது. சாந்தாமணி மட்டும் நம்பவில்லை. காரியத்தன்று கேட்டதையே இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் வருவதற்குள் என்ன அவசரம்?

பதில் இவளுக்கே சரியாகத் தெரியாது. அதுதான் பயம்.

“போலாமா மேடம்?” என்றது காதில் ஜாபரின் குரல்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடி. கணவன். நெம்புகோலை நோக்கி நீளும் கை.

இவள் மூச்சு விட்டாள்.

ஒலிப்பதிவு அறையில் ஜாபர் பதிவை நிறுத்தினான். பிறகு சகாயம் மேஜையைத் தட்டினார்.

“இதான்மா! பெரிய பாரத்த எறக்கி வெச்ச மாதிரி. எங்கேருந்து புடிச்சீங்க?”

“சூப்பர் சார். ஆனா சிங்க் போச்சு,” என்றான் ஜாபர். “லீவர்ல கை வைக்கறதுக்கு முன்னாடியே மூச்சு விட்டுட்டாங்க.”

இத்தனை வருடத் தொழிலில் இவள் இப்படிப் பிசகியதில்லை.

திரும்ப ஓட்டிக் காட்டினான். நிம்மதி முதலில் வந்தது. கை பிறகுதான் நீண்டது.

 இவளுக்குப் போனை வைத்த அந்த நொடி ஞாபகம் வந்தது. நர்ஸுக்கு இன்னும் தலையாட்டியிருக்கவில்லை. அதற்குள் மார்பிலிருந்து ஒன்று இறங்கிப் போயிருந்தது.

“இப்படியே விட்டா கொலைகாரி ஆயிடுவா,” என்று சிரித்தார் சகாயம். “இன்னொரு டேக் போவமா?”

“எதுக்கு சார்? நகத்திடலாம்.”

ஜாபர் கணினித் திரையில் அந்த மூச்சின் பதிவைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்து வைத்தான். மறுபடி ஓட்டினான்.

கை. நெம்புகோல். கதவு. கண்ணாடியில் மங்கும் முகம். சற்று மௌனம்.

பிறகு மூச்சு.

அதே மூச்சுதான். இப்போது அதில் துக்கம் இருந்தது. வசனம் எழுதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரியம் என்று நான் சொல்லவில்லையா என்றார்.

“யாருக்கும் தெரியாது மேடம்,” என்றான் ஜாபர்.

வாசலுக்கு வந்து செருப்பைத் தேடும்போது போன் அடித்தது. சாந்தாமணி. வழக்கமாக இவள் உடனே எடுக்கமாட்டாள். எடுத்தாள்.

வருஷத் திதி எப்போது என்று விசாரித்துவிட்டு, சாந்தாமணி அந்தப் பழைய கேள்வியிலேயே வந்து நின்றாள்.

“நா வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாமில்லீங்கண்ணி? அப்படி என்னங்க அவசரம்?”

தெருவில் ஒரு தண்ணீர் லாரி போனது. அது போகும்வரை இவள் காத்திருந்தாள்.

“அவர் பட்ட பாடு…” என்றாள்.

நிறுத்தினாள். சற்று மௌனம்.

பிறகு மூச்சை விட்டாள்.

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

“மன்னிச்சுக்கோங்கண்ணி,” என்றாள் சாந்தாமணி. “நா உங்களத் தப்பா நெனச்சுட்டேனுங்க.”